கசக்காத கண்

கச்சான் காற்று எப்போது தொடங்குகின்றது என்பதை அறிய எனக்கு நாட்காட்டி வேண்டியதில்லை, கண்ணே சொல்லிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் ஈரத்தையெல்லாம் மழையாக இறக்கிவிட்டு, கிழக்கே இறங்கி, காய்ந்த காடுகளையும் மேட்டுநிலங்களையும் கடந்து திருகோணமலைக்கு வந்து சேரும்போது அதனிடம் மிஞ்சியிருப்பவை வெப்பமும் தூசியுமே. வைகாசி தொடக்கம் ஆவணி வரை அக்காற்று உட்துறைமுகத்தின் மேலாக வீசிக்கொண்டிருக்கும். கடற்றொழில் செய்வோர்க்கு அது நல்ல காலம்; கிழக்குக் கடல் அப்போது அடங்கிக் கிடக்கும். என்போன்றோர்க்கு அது கண் அரிக்கும் காலம்.

சிறுவயதில் இந்த அரிப்பு எனக்குப் பகையாகவும் இருந்தது, உறவாகவும் இருந்தது. உறவு என்று சொல்வதைக் கேட்டு நகைக்கவேண்டாம். விரல் முட்டியால் இமையை அழுத்திச் சுழற்றிக் கசக்கும்போது உண்டாகும் சுகத்தை அறிந்தவர்களுக்கு அச்சொல் விளங்கும். பாடசாலையிலே கசக்கினேன், கோயிலிலே கசக்கினேன், உறக்கத்திலும் கசக்கினேன். “தம்பி, கையை எடு” என்ற அம்மாவின் குரல் என் இளமைக்காலம் முழுவதும் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. இரவில் அவர் நந்தியாவட்டைப் பூவை நீரில் நனைத்து மூடிய இமைகளின்மேல் வைப்பார். பூவின் குளிர்ச்சி இருக்கும்வரை கை அடங்கிக் கிடக்கும். பூ வாடியதும் கை எழும்.

இவ்வரிப்பின் இயல்பைப் பின்னாளிலேதான் அறிந்துகொண்டேன். இமையின் உட்புறத் தோலிலே உள்ள ஒருவகைக் கலங்கள், தமக்கு ஒவ்வாத தூசியையோ மகரந்தத்தையோ எதிர்ப்படும்போது இசுத்தமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அது நரம்பைத் தூண்ட, அரிப்பு உண்டாகின்றது. நாம் கசக்கும்போது அதே கலங்கள் நசுங்கி மேலும் இசுத்தமினை வெளிவிடுகின்றன. தீயை நெய் ஊற்றி அணைக்க முயன்றவன் கதைதான். இஃது ஒருபுறமிருக்க, கசக்கும் விரலின் அழுத்தம் சென்று சேருமிடம் விழிவெண்படலம். பெயரில் வெண்மை இருப்பினும் அது நிறமற்றது. கண்ணின் முன்வாயிலிலே பதித்த கண்ணாடி போன்றது. நடுவிலே அரை மில்லிமீற்றர் அளவே தடிப்புடையது. ஆண்டுக்கணக்காகக் கசக்குவோர் சிலரில் இப்படலம் மெலிந்து கூம்புபோல முன்தள்ளிவிடுகின்றது. கசக்குதல் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. பரம்பரைக்கும் அதிற் பங்கு உண்டு. ஆயினும் என் வலக்கண்ணைப் பொறுத்தவரை குற்றவாளி யார் என்பதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. அவ்வழக்கில் என் வலக்கைக்காக வாதாட ஒருவரும் கிடைக்கமாட்டார்.

பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்திலே கரும்பலகையின் எழுத்துகள் ஒவ்வொன்றும் தன் நிழலையும் அழைத்துக்கொண்டு வரத் தொடங்கின. விடுமுறைக்கு ஊர் வந்து, இரவில் உட்துறைமுக வீதியில் நின்று சீனன்குடாப் பக்கம் பார்த்தால், அக்கரையிலுள்ள மாவாலையின் விளக்குகள் எல்லாம் வால்வெள்ளிகள்போலக் கீழ்நோக்கி இழுபட்டுத் தெரியும். அழகான காட்சிதான், ஆனால் அஃது இல்லாத அழகு. மூக்குக்கண்ணாடியை ஆண்டுதோறும் மாற்றினேன். பின்னர் கடினமான தொடுவில்லை. கச்சான் காலத்திலே வில்லைக்கும் விழிக்கும் இடையே ஒரு தூசி புகுந்துவிட்டால் நடுவீதியில் நின்று கண்ணீர் வடிக்கவேண்டியதுதான். ஈற்றிலே கூம்பின் உச்சியில் தழும்பு விழுந்தது. ஊரார் வழக்கிலே சொன்னால், கண்ணில் பூ விழுந்துவிட்டது. நந்தியாவட்டையால் தடுக்கமுடியாத பூ.

2014 மாசி மாதத்தில் கொழும்பிலே எனக்கு விழிவெண்படல மாற்றுச் சிகிச்சை நடந்தது. என் படலத்தின் நடுவிலிருந்து ஏறத்தாழ எட்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டமொன்றை வெட்டி நீக்கி, இறந்துபோன ஒருவரின் கண்ணிலிருந்து பெற்ற வட்டத்தை அவ்விடத்திலே பொருத்தித் தைத்தார்கள். பதினாறு தையல்கள். அந்த நைலோன் நூல் தலைமயிரின் மூன்றில் ஒரு பங்கு தடிப்பே உடையது என்று கேட்டபோது தைத்த கையை எண்ணி வியந்தேன்.

வீடு திரும்புமுன் வைத்தியர் எனக்குச் சில சொற்கள் சொன்னார். சிங்களவரான அவ்வம்மையார் தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். அதனாற்போலும், அவர் சொன்னது இன்றும் மறக்கவில்லை. “கண் சிவந்தால் வாருங்கள். வெளிச்சம் கூசினால் வாருங்கள். பார்வை மங்கினால் வாருங்கள். நோ வந்தால் வாருங்கள். காத்திருக்க வேண்டாம்.” அரிப்பைப் பற்றி நான் கேட்டேன். “அரிக்கும். கசக்க வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். அவர் சொன்ன அபாயக் குறிகள் நான்கில் அரிப்பு இடம்பெறவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அரித்தது. முதல் வாரம் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல். அது தணியத் தணிய, பழைய உறவினன் திரும்பி வந்தான். இம்முறை அவனோடு அச்சமும் வந்தது. அரிப்பு எழுந்தபோதெல்லாம், உடல் புதிய படலத்தை வெறுத்துத் தள்ளுகின்றது என்றே எண்ணினேன். பிறருடைய இழையம் நம் உடம்பில் இருக்கும்போது உண்டாகும் ஒவ்வோர் அசைவுக்கும் பிறரே காரணம் என்று தோன்றுவது மனித இயல்பு போலும். நள்ளிரவில் எழுந்து கண்ணாடியின் முன் நின்று, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தைத் தேடுவேன். அது தெளிந்த நீர்போல இருக்கும். நான் மட்டும் வியர்த்திருப்பேன்.

இவ்வச்சத்தை நீக்கியது ஆறுதல் மொழி அன்று. உடற்றொழிலியல் பற்றிய ஒரு செய்தி. விழிவெண்படலம் நம் உடலிலேயே நரம்பு மிகச் செறிந்த இழையங்களுள் ஒன்று. ஒரு மயிர் பட்டாலும் கண் பொறுக்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் தானமாகப் பெற்ற வட்டத்தை வெட்டியெடுக்கும்போது அதன் நரம்புகள் எல்லாம் அறுந்துவிடுகின்றன. நம் கண்ணிலே அதனைத் தைத்தபின், விளிம்பிலிருந்து நம்முடைய நரம்புகள் மெல்ல மெல்ல அதனுள் ஊர்ந்து செல்லவேண்டும். அது நடுப்பகுதியை அடைய ஆண்டுகள் செல்லும். அதுவரை அந்த வட்டம் ஊமை. அதற்கு நோகத் தெரியாது, அரிக்கவும் தெரியாது. அப்படியானால் அரித்தது எது? என் இமை. என் கண்விளிம்பு. என் பழைய ஒவ்வாமை. வந்த விருந்தாளி வாய்திறவாது இருக்க, வீட்டுக்காரனே கூச்சலிட்டுக்கொண்டிருந்தான். கூச்சலுக்கு வேறு துணைகளும் இருந்தன. நரம்பு அறுந்தமையால் கண்ணீர் சுரப்பதும் இமைப்பதும் குறைந்து கண் உலர்ந்தது. குணப்படுத்தவென ஊற்றிய துளிமருந்துகளிலே பழுதடையாதிருப்பதற்காகச் சேர்த்த பென்சல்கோனியம் குளோரைட்டு தானே ஓர் உறுத்தலாயிற்று.

காரணம் தெரிந்ததால் அரிப்புக் குறைந்துவிடவில்லை. ஆனால் அதனோடு வாழும் முறை தெரிந்தது. பிரெட்னிசொலோன் துளிமருந்தைக் குலுக்கி ஊற்றுவது, அடுத்த துளிக்கு ஐந்து நிமிடம் பொறுப்பது, பழுதுகாப்புப் பொருள் சேராத செயற்கைக் கண்ணீரைச் சற்று விலை கூடினாலும் வாங்குவது, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அழுத்தாமல் இமைமேல் வைப்பது, இரவில் கண்ணுக்குத் துளையிட்ட மூடியை ஒட்டிக்கொண்டு உறங்குவது என்பன நாளாந்த ஒழுக்கமாயின. நந்தியாவட்டையை அம்மா மறுபடியும் பறித்துக்கொண்டு வந்தார். ஈரப் பூவிலும் கிணற்று நீரிலும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணமும் கிருமியும் இருக்கக்கூடும் என்று விளக்கியபோது, “இருபது வருடம் வைத்தேனே” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பூவைச் சுவாமிப் படத்திற்கு வைத்தோம்.

மிகக் கடினமாக இருந்தது கையைப் பழக்குவதே. பேருந்திலே யன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்துவிட்டு, இரு கைகளையும் தொடைகளின் கீழே வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பேன். பார்த்தவர்கள் பணிவு என்று கொண்டிருப்பர். கோணேசர் கோயிலில்தான் எதிர்பாராத இடர் வந்தது. பிரெட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து, மரநிழலில் நிற்கும் புள்ளிமான்களையும் கடந்து, சுவாமிமலை ஏறித் தரிசனத்திற்கு நின்றேன். தீபம் வந்தது. கைகள் தாமாக நீண்டன, சுடரின்மேல் கவிந்தன, கண்களில் ஒற்றுவதற்கு எழுந்தன. பாதி வழியிலே நிறுத்தினேன். ஓராயிரம் முறை செய்த செயலை இடையில் நிறுத்திய கை, எங்கே போவதென்று அறியாமல் காற்றிலே நின்றது. பின்னர் நெஞ்சிலே வைத்தேன். அன்றுமுதல் தீபத்தை நெஞ்சிலே ஒற்றிக்கொள்வதுதான் வழக்கம். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் இஃது எந்த ஊர் முறை என்று கேட்டார்.

சிவாலயத்திலே நின்றுகொண்டு கண்ணப்பரை நினையாதிருத்தல் அரிது. காளத்தியில் இறைவனின் கண்ணிலிருந்து குருதி வழியக் கண்டு, பச்சிலைகளைத் தேடிப் பிழிந்தும் பயன் காணாது, தம் கண்ணை அம்பினால் அகழ்ந்து அப்பியவர் அவர். முதலில் மருந்து, அது தவறியபின் மாற்றுக் கண் என்ற அந்த வரிசை இன்றைய வைத்தியசாலையின் வரிசையேதான். அப்பிய கண் பின்னர் உறுத்தியதா என்பதைச் சேக்கிழார் சொல்லவில்லை, கேட்பதும் முறையன்று.

ஆனால் இன்னொரு கேள்வியை நாம் நம்மையே கேட்கலாம். கண்ணப்பரைப் போற்றும் நாம், கண்தானப் பத்திரத்தைக் கண்டதும் ஏன் பின்வாங்குகின்றோம்? கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் குருடாகப் பிறக்க நேரும் என்று சொல்லும் முதியோரை நான் அறிவேன். படித்தவர்களும் அதனை அரைமனத்துடன் நம்புவதைக் கண்டிருக்கின்றேன். நம் அயலவரான சிங்கள பௌத்தரிடையே நிலைமை வேறு. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியை நாம் சோழர் குலத்து முன்னோனாக அறிவோம். அதே சிபி, அவர்கள் கேட்டு வளர்ந்த சாதகக் கதையிலே, பார்வையற்ற பிராமணன் ஒருவனுக்குத் தன் இரு கண்களையும் கொடுக்கின்றான். 1905 திசெம்பர் 7ஆம் நாள், இன்றைய செக் நாட்டின் ஒலமோட்ஸ் நகரிலே எடுவர்ட் சிர்ம் என்னும் வைத்தியர், சுண்ணாம்பினால் கண்கெட்ட தொழிலாளி ஒருவருக்கு விழிவெண்படலத்தை மாற்றி முதன்முதலாக வெற்றி கண்டார். அவ்வித்தை உலகெங்கும் பரவியபின்னரும் கொடுக்கப்படும் கண்கள் அரிதாகவே இருந்தன. 1958இல் மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா, கண்தானம் கேட்டுச் சிங்களப் பத்திரிகையில் எழுதியபோது, அவருடைய சொல்லுக்கு நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. 1961இல் அவர் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964இல் பனிக்கட்டி இட்ட சாதாரண வெந்நீர்க் குடுவையிலே இலங்கையரின் கண்கள் சிங்கப்பூருக்குச் சென்றன. பின்னர் பல பத்து நாடுகளுக்குச் சென்றன. முன்னாள் சனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன 1996இல் காலமானபின் அவருடைய கண்களும் யப்பானுக்குச் சென்றன. 1983ஐக் கண்ட எம் மக்களுக்கு அவருடைய பெயர் வேறு நினைவுகளையே தரும். அந்நினைவுகளை நானும் விட்டுவிடவில்லை. ஆயினும் அவர் கொடுத்தது கண் என்பதும் உண்மை.

எனக்குக் கண் தந்தவர் யார் என்பதை நான் அறியேன், அறிவிப்பதும் வழக்கமன்று. பெயர், ஊர், மொழி ஒன்றும் தெரியாது. ஆண்டுத் திவசத்திற்கு அப்பாவின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும்போது, இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும் என்று வாய் எழும். சொல்வதற்குப் பெயர் இல்லை.

ஆறாம் மாதம், அதுவும் ஆவணிக் கச்சானிலே, உறுத்தல் வேறு முகத்தோடு வந்தது. பரந்த அரிப்பாக அல்லாமல், இமைக்குந்தோறும் ஒரே இடத்திலே முள் கீறியது. பழைய அனுபவத்தால், இதுவும் என் கண்ணின் வீண் கூச்சல் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். பொறுத்தது பிழை. மூன்றாம் நாள் கண் வைத்தியப் பிரிவிலே விளக்குக் கருவியின் முன் மோவாயை வைத்தபோது, தையலொன்று தளர்ந்து அதன் முனை மேலெழுந்திருப்பது தெரிந்தது. மரப்புத் துளி ஒன்று, சிறிய இடுக்கி, கண்மூடித் திறக்குமுன் நூல் வெளியே. வைத்தியர் அதனை விரல்நுனியில் வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தளர்ந்த தையல் உறுத்துவதோடு நில்லாது என்று அவர் விளக்கினார். அது கிருமிக்கு வாயில். குருதிக் குழாய்களுக்கு ஏணி. விழிவெண்படலத்திலே குருதிக் குழாய்கள் இல்லை. காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் அது தன் மூச்சைப் பெறுகின்றது. உடலின் காவற்படையாகிய வெண்குருதிக் கலங்கள் அங்கே எளிதிற் செல்லமுடியாது என்பதும் பிறர் படலம் நம் கண்ணிலே தங்கி வாழ்வதற்குரிய காரணங்களுள் ஒன்று. தையலைப் பற்றிக் குழாய்கள் உள்ளே வளர்ந்தால் காவற்படைக்கு வழி திறந்துவிடும். அதன்பின் என்ன உறுத்தல் என்று நானே தீர்ப்பளிப்பதை விட்டேன். பரந்து அரித்தால் குளிர்துணி. ஓரிடத்திற் குத்தினால் வைத்தியர்.

தையல்கள் ஒவ்வொன்றாக நீங்கின. துளிமருந்து நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. மாவாலையின் விளக்குகள் வாலை இழந்து புள்ளிகளாயின. ஒவ்வோர் இரவும் இடக்கண்ணை மூடிக்கொண்டு அவ்விளக்குகளைப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. பார்வையை நாள்தோறும் ஒரே பொருளில் வைத்துச் சோதிக்கவேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை.

2022 வந்தது. நாட்டிலே எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை என்ற நிலை. என் துளிமருந்து தீர்ந்தபோது நகரிலே கேட்ட கடையெல்லாம் கைவிரித்தது. எட்டு ஆண்டுகள் கழிந்தனவே, சில வாரம் இல்லாதிருந்தால் என்ன என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கண்ணும் அதற்கு உடன்பட்டதுபோல அமைதியாக இருந்தது. அவ்வாண்டுக் கச்சானிலே எனக்கு அரிப்பே இல்லை. அம்மாவிடம் அதனைப் பெருமையாகவும் சொன்னேன்.

ஆறாம் வாரம் ஓரிரவு, இடக்கண்ணை மூடியபோது அக்கரை விளக்குகளைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தது. கடலிலே மூட்டம் என்று எண்ணினேன். கையை மாற்றி வலக்கண்ணை மூடினேன், மூட்டம் இல்லை. மறுபடி மாற்றினேன், இருந்தது. நோ இல்லை, உறுத்தல் இல்லை, அரிப்பு இல்லை. எத்தனையோ இரவுகள் அரிப்புக்கு அஞ்சி விழித்திருந்த நான், அஞ்சவேண்டியது வந்தபோது அதனைக் கடல்மூட்டம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன். பாதி வழியிலேதான் அந்தச் சிங்கள வைத்தியரின் சொற்கள் நினைவுக்கு வந்தன. பார்வை மங்கினால் வாருங்கள். காத்திருக்க வேண்டாம்.

விடிந்ததும் நடந்தே வைத்தியசாலைக்குச் சென்றேன். முச்சக்கர வண்டிகள் எல்லாம் எரிபொருள் வரிசையிலே நின்றன. படலத்தின் உட்புறத்தில் வெண்குருதிக் கலங்கள் படியத் தொடங்கியிருந்தன. அங்கே உள்ள கலங்கள் அழிந்தால் மறுபடி பெருகமாட்டா; படலத்திலிருந்து நீரை வெளியேற்றி அதனைத் தெளிவாக வைத்திருப்பவை அவையே. மணிக்கு ஒருமுறை பிரெட்னிசொலோன் ஊற்றவேண்டும் என்றார்கள். வைத்தியசாலையில் இருந்தது ஒரு சிறு குப்பி; அது மூன்று நாளுக்குக் காணும். அதற்குமேல் வெளியே தேடவேண்டும். வாங்கிலே என் அருகில் இருந்த கிண்ணியாவைச் சேர்ந்த முதியவர், அவரும் என்னைப்போலப் படலம் மாற்றியவர், நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொழும்பிலுள்ள மகன் அனுப்பிய இரண்டு குப்பிகளில் ஒன்றை, முத்திரை உடைக்காதபடியே, பையிலிருந்து எடுத்து நீட்டினார். “ஒன்றைத் திறந்தால் ஒரு மாதம் தம்பி. மற்றது எனக்குச் சும்மாதானே கிடக்கும்” என்றார். அது சும்மா கிடக்கும் காலமன்று என்பதை இருவரும் அறிவோம். விலை கேட்டேன். அவர் தம் முறை வந்துவிட்டதென்று எழுந்து போனார்.

இரவும் பகலும் மணிக்கொரு துளி. அம்மா மணிக்கூட்டைப் பார்த்தபடி விழித்திருந்தார். பத்தாம் நாள் வளையம் மெலிந்தது. ஐந்தாம் வாரம் விளக்குகள் மறுபடி புள்ளிகளாயின. முன்னிருந்த கூர்மை முற்றாகத் திரும்பவில்லை, வாசிப்பதற்குப் போதும்.

கிண்ணியா முதியவரை அதன்பின் இரண்டு முறை கண்டேன். முதன்முறை அவர் நலம் விசாரித்தபோது, கண் மறுபடி அரிக்கின்றது என்று முறையிட்டேன். “அரிக்கட்டும்” என்றார் அவர். தம் கையைத் தூக்கி, சட்டைக் கையின் முனையை ஊசியால் குத்தி இடுப்புச் சாரத்தோடு பிணைத்திருப்பதைக் காட்டினார். கச்சான் காலத்திலே மதிய உறக்கத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. நானும் செய்து பார்த்தேன். ஊசி தேவையில்லை, ஒரு நூலே போதும்.